முதலில் ஏணி, கடைசியில் பெயின்ட்

கேள்வி: எங்கள் கிராமத்து வீடு குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. வசந்தம் வந்ததும் திறந்து பார்த்தால், உள்பக்கம் ஒரு சுவரில் ஈரக்கறை, பெயின்ட் உரிந்து கிடக்கிறது. தண்ணீர் புகாத பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். எவ்வளவு வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு ஒரு லிட்டர்கூட வாங்காதீர்கள். வெயில் வந்ததும் வேலையைத் தொடங்கிவிடக் கை துறுதுறுக்கும், தெரியும். ஆனால் ஈரச் சுவரில் எந்தப் பெயின்ட் அடித்தாலும் நிற்காது. தண்ணீர் புகாத பெயின்டை உள்பக்கம் அடித்தால் இன்னும் மோசம். சுவருக்குள் இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கி, கொப்புளம் கொப்புளமாகப் பெயின்டைத் தள்ளிவிடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கறை சுவரின் மேல்பகுதியில் இருந்தால் ஏணி போட்டுக் கூரையைப் பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி, இலைகள் அடைத்துக் கிடக்கும் மழைநீர்த் தகரக் குழாய்தான். அது நிரம்பி வழிந்து சுவரோடு இறங்கும். அதற்குச் செலவு ஒரு வாளியும் ஒரு காலை நேரமும்தான். கறை தரையிலிருந்து ஏறி ஒரு மீட்டருக்குள் நின்றுபோனால், மண்ணிலிருந்து ஊறி வருகிறது என்று சந்தேகப்படலாம். வெளியே சுவரை ஒட்டி மண் குவிந்திருக்கிறதா பாருங்கள். வெளிமண் உள்தரையைவிட 15 சென்டிமீட்டராவது தாழ இருக்க வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் ஒரு சின்னச் சோதனை. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் கோத்தால் அறைக்காற்றில் ஈரம், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியதுதான். சுவரைத் தொடும் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது.

காரணத்தைச் சரிசெய்த பிறகும் காத்திருக்க வேண்டும். நன்றாக ஊறிய சுவர் காய, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று பொதுவாகக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடானால் சுண்ணாம்பே அடியுங்கள், அது சுவரை மூச்சுவிட விடும்.

அப்புறம் அளவு. வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர், ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். சொரசொரப்பான பூச்சுச் சுவரென்றால் ஆறேழு சதுர மீட்டரில் தீர்ந்துவிடும். 30 சதுர மீட்டர் சுவருக்கு இரண்டு பூச்சு என்றால் 6 லிட்டர். டப்பாவில் எத்தனை டிகிரிக்குக் கீழே அடிக்கக்கூடாது என்று போட்டிருக்கும். தண்ணீரில் கரையும் பெயின்ட் பலவற்றுக்கு அது 10 டிகிரி செல்சியஸ், இரவுக் குளிரும் இதில் சேர்த்தி.

ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டின் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அறவே கூடாது. பரிசோதித்துப் பார்க்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: கிணற்றில் தண்ணீர் 9 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. தரைமேல் வைக்கும் மோட்டார் மலிவாகக் கிடைக்கிறது, பெட்டியில் 'ஹெட் 40 மீட்டர்' என்று போட்டிருக்கிறது. தோட்டத்துக்குப் போதும்தானே?

பதில்: போதாது, 9 மீட்டரிலிருந்து தண்ணீர் ஏறுவதே சந்தேகம். தரைமேல் வைக்கும் சாதாரண மோட்டார் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுகிறது, தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். அந்த அழுத்தத்தால் கணக்குப்படி 10.3 மீட்டர் வரைதான் தூக்க முடியும். நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினாலே திணறும். எத்தனை குதிரைத்திறன் வாங்கினாலும் இது மாறாது. பெட்டியில் போட்டிருக்கும் 40 மீட்டர், மோட்டாரிலிருந்து மேலே தள்ளும் உயரம். அதிலும் அந்த உச்ச உயரத்தில் வரும் தண்ணீரின் அளவு பூஜ்யம்! உங்களுக்குத் தேவை தண்ணீருக்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார். கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "என் உயரத்துக்கு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வரும்?" பதிலைப் பெட்டியிலோ கையேட்டிலோ காட்டச் சொல்லுங்கள். கோடை முடிவில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்பதையும் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: காய்கறிப் பாத்திக்கு மண் மூட்டை வாங்கலாமா, வண்டிமண் இறக்கலாமா?

பதில்: பாத்தியை அளந்துவிட்டு முடிவெடுங்கள். 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம் என்றால் 864 லிட்டர். 50 லிட்டர் மூட்டையில் 18 வேண்டும். இரண்டு பாத்திக்கு மேல் என்றால் பெரும்பாலும் வண்டிமண்தான் கட்டுப்படியாகும். ஆனால் இறக்கும் முன் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். புளித்த நாற்றமோ, கண்ணாடிச் சில்லோ, களைவேரோ இருந்தால் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். இறக்கிவிட்ட மண்ணை யாரும் திரும்ப ஏற்றமாட்டார்கள்.

கேள்வி: போன வருஷத்து விதை மீதி இருக்கிறது, தக்காளியும் வெங்காயமும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கவா?

பதில்: வெங்காய விதை சீக்கிரம் வீரியம் இழக்கும், புதிதாக வாங்கிவிடுங்கள். தக்காளி நான்கு வருஷம்வரைகூட முளைக்கும். பத்து விதையை ஈரத் துணியில் சுருட்டிக் கதகதப்பான இடத்தில் பத்து நாள் வையுங்கள். ஏழெட்டு முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். நான்கைந்துதான் என்றால் இரட்டிப்பாகத் தூவுங்கள், அதற்கும் குறைந்தால் புது விதைதான். நாற்றாகவே வாங்குவதானால் பூத்து நிற்கும் நெட்டைச் செடியை விட்டுவிட்டு, தண்டு தடித்த குட்டைச் செடியை எடுங்கள்.