திம்பம் காட்டில் விட்டுவிடலாமே?

அன்புள்ள ஐயா,

ஆய்வகத்திலிருந்து வந்த ரீசஸ் குரங்குகளைக் காப்பகத்தில் பராமரிப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு கூண்டிலிருந்து எடுத்து இன்னொரு கூண்டில் அடைப்பதா மீட்பு? இங்கே திம்பத்தில் எவ்வளவு காடு கிடக்கிறது! அங்கே விட்டால் அதுபாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளாதா?

வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

பிழைக்காது. பண்ணாரியிலும் திம்பம் வளைவுகளிலும் நாம் பார்ப்பது நம் நாட்டுக் குரங்கு. ரீசஸ் வடக்கத்திய இனம். அது தெற்கே பரவிய இடங்களில் நாட்டுக் குரங்கு பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. காசநோய் இருந்தால் அதுவும் கூடவே காட்டுக்குப் போகும். அப்புறம், இரை தேடவே தெரியாமல் தனியாக வருகிற குரங்கை எந்தக் கூட்டமும் சேர்க்காது, கடித்துத் துரத்தும்.

வருஷக்கணக்கில் தனிக்கூண்டில் இருந்த குரங்கு தன் கையைத் தானே கடிக்கும், முடியைப் பிடுங்கும், நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்கு முதலில் வேண்டியது இன்னொரு குரங்கு. அதையும் சட்டென்று சேர்த்துவிட முடியாது. நடுவில் கம்பிவலை வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் விடுவார்கள். பார்த்துப் பழகிய பிறகு, ஆள் காவலோடு கொஞ்ச நேரம் கதவைத் திறப்பார்கள். ஒன்றுக்கொன்று பேன் பார்க்க உட்கார்ந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹார்லோ, சுவோமி என்ற உளவியல் ஆய்வாளர்கள் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பிறந்ததிலிருந்து 6 மாதம் தனிமையில் வளர்ந்த ரீசஸ் குட்டிகளை, அவற்றைவிடச் சின்ன, 3 மாதக் குட்டிகளோடு பழகவிட்டார்கள். சின்னவை சண்டைக்குப் போகவில்லை, போய் ஒட்டிக்கொண்டன. மூலையில் சுருண்டிருந்த பெரியவை சில மாதங்களில் விளையாடத் தொடங்கின. அந்தக் குட்டிகளைத் தனிமையில் அடைத்ததும் அதே ஆய்வகம்தான். அந்தக் கொடுமையை என்னால் ஏற்க முடியாது. ஆனால் குரங்கைக் குரங்குதான் தேற்றும் என்பதை அது காட்டியது.

காப்பகத்தின் அடைப்பும் ஆய்வகக் கூண்டும் ஒன்றல்ல. ஏற மரம், ஒதுங்க மறைவு, துணைக்கு இன்னொரு குரங்கு, பிடிக்காவிட்டால் விலகிப்போக இடம், எல்லாம் அங்கே இருக்க வேண்டும். இவை இல்லாத காப்பகத்தைப் பார்த்தால் நீங்கள் கேட்டதையே நானும் கேட்பேன்.

பராமரிப்பில் ரீசஸ் 25 வருஷத்துக்கு மேலும் வாழும். ஆய்வுக்குப் பிறகு விலங்கைப் பராமரிப்பது ஆய்வு செய்தவர்களின் பொறுப்பு என்று நம் நாட்டு விதிகள் சொல்கின்றன. அந்தச் செலவும் ஆய்வுச் செலவில் சேர்ந்ததுதான். உங்கள் ஊர்ப்பக்கம் எந்த ஆய்வகமாவது குரங்கு வைத்திருந்தால், அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று எழுதிக் கேளுங்கள். நானும் கேட்கிறேன்.