தானாக அணையும் ரிசீவர்: எப்போது அணைகிறது என்று சொல்லுங்கள்

"ஹோம் தியேட்டர் ரிசீவர் அடிக்கடி தானாக ஆஃப் ஆகிறது, என்ன கோளாறு?" ஸ்பீக்கர்களுக்கெல்லாம் சத்தம் அனுப்பும் பெட்டியான ரிசீவரைப் பற்றி இப்படி ஒரே வரியில் கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. ஆன் செய்த நாலாவது நொடியிலா, படம் இடைவேளையைத் தொடும்போதா, சண்டைக் காட்சிக்குச் சத்தத்தை ஏற்றும்போதா? அதைச் சொல்லிவிட்டால் மூடியைத் திறக்காமலே பாதி வேலை முடிந்தது. நேரத்தைக் குறிப்பிட்டு எழுதியவர்களின் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வீடு மாறியதிலிருந்து ஆன் செய்த மூன்று நான்கு நொடியில் அணைந்துபோய், சிவப்பு விளக்கு மினுக்குகிறது. பழைய வீட்டில் நன்றாக ஓடியது. போர்டு போய்விட்டதா?

போர்டைச் சந்தேகப்படுவதற்கு முன் பெட்டியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். வீடு மாற்றும்போது ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி மறுபடி மாட்டியிருப்பீர்கள். ஒயருக்குள் இருக்கும் செம்பு இழைகளில் ஒன்றே ஒன்று சிவப்பு முனையிலிருந்து கறுப்பு முனைக்கோ பெட்டியின் தகரத்துக்கோ ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், ரிசீவர் நிற்காது.

வழக்கமாக ஆன் செய்த சில நொடிகளில் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஸ்பீக்கர்களை இணைக்கும் ரிலே என்ற மின் ஸ்விட்சின் சத்தம் அது. ஷார்ட் இருக்கிறது என்று தெரிந்தால் பாதுகாப்புச் சர்க்யூட் எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லா ஸ்பீக்கர் ஒயர்களையும் கழற்றுங்கள். ஒன்றும் இல்லாமல் ஆன் செய்யுங்கள். பத்து நிமிடம் அணையாமல் நின்றால் ரிசீவர்மேல் பெரும்பாலும் குற்றமில்லை. பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கராக, ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு, மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது அணைகிறதோ அந்த ஒயர், இல்லையென்றால் அந்த ஸ்பீக்கர். ஒன்றுமே மாட்டாமலும் அணைந்தால் உள்ளே அவுட்புட் டிரான்சிஸ்டரோ வேறு ஏதோ போயிருக்கிறது. அது மெக்கானிக் வேலை.

ஒரு முறை என் அக்கா வீட்டு ரிசீவரை இதே புகாருக்காக முழுசாகக் கழற்றி, போர்டை வெளியே எடுத்து, இரண்டு மணி நேரம் மீட்டர் வைத்துத் தேடினேன். எல்லாம் சரியாகவே இருந்தது. திரும்ப மாட்டும்போது டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அக்கா பையன், "மாமா, இது என்ன முடி மாதிரி?" என்றான். சென்டர் ஸ்பீக்கர் முனைகளுக்கு நடுவே தலைமுடி கனத்தில் ஒரு செம்பு இழை. அன்றிலிருந்து முதலில் டார்ச், பிறகுதான் ஸ்க்ரூடிரைவர்.

ஒயரின் தோலை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சீவாதீர்கள். இழைகளை நன்றாக முறுக்கிவிட்டுச் செருகுங்கள். ஒயர் நுனியில் மாட்டும் பனானா பிளக் போட்டால் இன்னும் நல்லது.

மினுக்கலையும் கவனியுங்கள். டெனான், மராண்ட்ஸ் மாடல்கள் பலவற்றில் சிவப்பு விளக்கு இரண்டு நொடிக்கு ஒருமுறை மினுக்கினால் சூடு. அரை நொடிக்கு ஒருமுறை படபடத்தால் ஸ்பீக்கர் ஷார்ட் அல்லது ஆம்ப்ளிஃபையர் பழுது. யமஹா 'செக் எஸ்.பி. வயர்ஸ்' என்று எழுதியே காட்டும். சோனி ரிசீவர்களில் 'புரொடெக்டர்' என்று வரும்.

கேள்வி: படம் ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஒரு தொந்தரவும் இல்லை. அதற்குப் பிறகு அணைகிறது. அரை மணி நேரம் விட்டால் மறுபடி ஓடும். டிவி யூனிட்டில் கண்ணாடிக் கதவுக்குள் வைத்திருக்கிறோம்.

பதிலை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். சாதாரண ரிசீவர் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சத்தமாக மாறுவதில்லை, சூடாகத்தான் போகிறது. அந்தச் சூடு மூடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக மேலே ஏறி வெளியேற வேண்டும். கதவைச் சாத்தினால் அது போக இடமில்லை. சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கில் ஒட்டியிருக்கும் சென்சார் ஓர் அளவுக்கு மேல் பொறுக்காது.

அணைந்த உடனே மூடியின் மேல் உள்ளங்கையை வையுங்கள். பத்து நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் வேறு சோதனை தேவையில்லை.

மேலே செட்டாப் பாக்ஸ் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பூ வேலை செய்த துணி விரித்திருந்தால் அதையும்தான். நம் வீடுகளில் பாதிப் பெட்டிகளைக் கொல்வது அந்தத் துணி. மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். யூனிட்டின் பின்பலகையை ஆசாரியை விட்டு வெட்டச் சொல்லுங்கள். அதுவும் போதாவிட்டால் கம்ப்யூட்டருக்குப் போடும் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை வாங்கி, காற்றை மேல்நோக்கி இழுக்கும்படி மூடிமேல் வையுங்கள். அந்த ஃபேன் 12 வோல்ட்டுக்கானது. 9 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் மெதுவாகச் சுற்றும், படம் பார்க்கும்போது காதில் விழாது.

வாங்கி நாலைந்து வருஷமாகி, முன்பெல்லாம் இதே இடத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது என்றால் உள்ளே தூசி அடைத்திருக்கும். புளோயர் அடித்துத் தரச் சொல்லுங்கள். பல்லி செத்துக் கிடந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

கேள்வி: சத்தத்தைக் குறைத்து வைத்தால் அணைவதே இல்லை. ஏற்றினால், அதுவும் குண்டு வெடிக்கிற காட்சியில், டப்பென்று போய்விடுகிறது. பழைய அசெம்பிள்டு செட்டின் சப்வூஃபரை முன் ஸ்பீக்கரோடு சேர்த்து முறுக்கி மாட்டியிருக்கிறேன்.

அந்த முறுக்கைப் பிரித்துவிடுங்கள். ஓம் என்பது மின்தடையின் அளவு. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே முனையில் சேர்த்தால் ஆம்ப்ளிஃபையருக்கு அது 4 ஓம். 8 ஓமோடு 4 ஓம் சப்வூஃபரைச் சேர்த்தால் 2.7 ஓம்கூட இல்லை. ரிசீவரின் பின்னால் 6 முதல் 16 ஓம் என்றோ அதைப் போலவோ அச்சிட்டிருப்பார்கள். ஓம் குறையக் குறைய கரண்ட் ஏறும். மெதுவாகப் பாடும்போது சமாளிக்கும்; குண்டு வெடித்தால் சமாளிக்காது.

அசெம்பிள்டு செட்டில் சப்வூஃபருக்கான ஆம்ப்ளிஃபையர் செட்டுக்குள்ளேயே இருந்தது. ரிசீவர்களில் பொதுவாக அது கிடையாது. பின்னால் 'சப்வூஃபர் ப்ரீ அவுட்' என்று ஒரு ஆர்.சி.ஏ. துளை மட்டும் இருக்கும். அதிலிருந்து தனி ஆம்ப்ளிஃபையர் வழியாகத்தான் உங்கள் சப்வூஃபருக்குப் போக வேண்டும். ரிச்சி தெருவில் இதற்கான மோனோ போர்டு கிடைக்கும். பிறகு மெனுவில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்றும் பேஸ் பிரிந்து சப்வூஃபருக்குப் போகும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் என்றும் வையுங்கள். கனமான பேஸ் முழுவதும் சப்வூஃபருக்குப் போய்விடும், ரிசீவருக்குச் சுமை இறங்கும்.

மீட்டர் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று: 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு, ஆறரை என்றுதான் காட்டும். பயப்பட வேண்டாம்.

கேள்வி: மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ரிசீவர். கன்வெர்ட்டர் போட்டுத்தான் ஓட்டுகிறோம். கொஞ்சம் சத்தம் வைத்தால் அணைந்து, தானே மறுபடி ஆன் ஆகிறது.

அது 120 வோல்ட் செட், நம் லைன் 230. கன்வெர்ட்டர் இல்லாமல் செருகாமல் இருந்தீர்களே, அதுவே புண்ணியம். ஆனால் எந்த கன்வெர்ட்டர்? கைக்குள் அடங்குகிற டிராவல் கன்வெர்ட்டராக இருந்தால் அதில் பல இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் போன்றவற்றுக்கு மட்டுமே ஆனவை, ரிசீவருக்கு ஆகாது. வேண்டியது கனமான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். ரிசீவரின் பின்னால் 500 வாட் என்றிருந்தால் 1000 வி.ஏ. வாங்குங்கள். இப்போது இருப்பது சின்னதாக இருந்தால், பேஸ் அடிக்கும்போது அதன் வோல்டேஜ் சரியும். ரிசீவரின் மூளை அந்தச் சரிவில் செத்துப் பிழைக்கிறது. சத்தம் வைத்துக்கொண்டே கன்வெர்ட்டரின் அவுட்புட்டில் மீட்டர் வைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி: மெல்லிய சத்தத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்குவேன். நடுவில் அணைந்துவிடுகிறது. டிவியை அணைத்தாலும் அணைகிறது.

பழுதே இல்லை. மெனுவில் 'ஆட்டோ ஸ்டாண்ட்பை' என்று இருப்பதை ஆஃப் செய்யுங்கள். டிவியோடு சேர்ந்து அணைவது எச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாக ஒரு கருவி இன்னொன்றுக்கு அனுப்பும் சி.இ.சி. கட்டளையால். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்ளிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம். டிவியின் சத்தத்தை அதே ஒயரில் ரிசீவருக்கு அனுப்பும் ஏ.ஆர்.சி. வழியாகக் கேட்கிறவர்களுக்கு அதுவும் சேர்ந்து நின்றுபோகலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தூத்துக்குடியில் கடலோரம் வீடு. யாரும் தொடாமலே அணைகிறது, நடுராத்திரி தானாக ஆனும் ஆகிறது. வீட்டில் பேய் என்கிறார்கள்.

பேய் முன்பக்கப் பவர் பட்டனுக்குள் இருக்கிறது. உப்புக்காற்றில் அந்தச் சின்ன ஸ்விட்ச் உள்ளே பூத்துப்போய், அழுத்தாமலே அழுத்தியதாகச் சொல்லும். முதலில் ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி இரண்டு நாள் பாருங்கள், பட்டன் ஒட்டிக்கொண்ட ரிமோட்டும் இதையே செய்யும். பிறகும் தொடர்ந்தால் ஸ்விட்சை மாற்றச் சொல்லுங்கள். ஸ்விட்ச் சில ரூபாய்தான், கூலிதான் அதிகம்.

கேள்வி: எங்கள் ஊர் மெக்கானிக் "புரொடெக்‌ஷனை பைபாஸ் பண்ணிவிடுகிறேன், அப்புறம் அணையாது" என்கிறார். செய்யலாமா?

கூடாது. அணையாதுதான், அதற்குப் பதிலாக ஸ்பீக்கர் எரியும். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் உள்ளே இருக்கும் டி.சி. வோல்டேஜ் அப்படியே ஸ்பீக்கர் காயிலுக்குப் போகும். சில நொடிகளில் புகை வரும்.

தெரிந்த மெக்கானிக் இந்த மாதிரிப் பெட்டியை நேரடியாக லைனில் செருகமாட்டார். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரியஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே பெட்டிக்குப் போகும்படி, போட்டு ஆன் செய்வார். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் உள்ளே பெரிய ஷார்ட் இல்லை. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் இருக்கிறது. பல்பு கரண்ட்டைக் கட்டுப்படுத்துவதால் புதிதாகப் போட்ட டிரான்சிஸ்டரும் பலியாகாது. நீங்களாகத் திறந்து பார்க்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் 50 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

உங்கள் மெக்கானிக்கிடம் சீரியஸ் பல்பு இருக்கிறதா என்று கேளுங்கள். "எதுக்கு?" என்றால் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.