பந்து வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைக்கு எப்படிப் பழக்குவது?

கேள்வி: கடலூரில் இருக்கிறோம். 7 வயது மகன், பந்து வந்தாலே கண்ணை மூடித் தலையைத் திருப்பிக்கொள்கிறான். பி.டி. பீரியடில் ஓரமாகவே நிற்கிறான். கிரிக்கெட் கோச்சிங்கில் சேர்த்தால் பயம் தெளியுமா?

பதில்: இப்போதைக்குச் சேர்க்காதீர்கள். முகத்துக்கு நேரே வேகமாக ஏதாவது வந்தால் கண் மூடுவது உடம்பின் இயல்பு. அதைக் கோழைத்தனம் என்று யாரும் அவன் காதுபடச் சொல்லக் கூடாது. முதலில் ஒரு கண் டாக்டரிடம் காட்டுங்கள். மாறுகண்ணோ, ஒரு கண்ணில் பார்வைக் குறைவோ இருந்தால் பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதே பிள்ளைக்குச் சரியாகத் தெரியாது.

கண் நன்றாக இருந்தால் தினமும் 15 நிமிடம் போதும். பலூனில் தொடங்குங்கள். மெதுவாக இறங்குவதால் கண் அதோடு கூடவே போகும். ஃபேனை நிறுத்திவிட்டு, கீழே விழாமல் 10 முறை தட்டச் சொல்லுங்கள். அது கைவந்ததும் துணிப்பந்து. பழைய பனியனைச் சுருட்டி சாக்ஸுக்குள் திணித்து முடிச்சுப் போட்டால் பெரிய சாத்துக்குடி அளவில் வரும். அதில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிய சிவப்புப் புள்ளி ஒன்று வையுங்கள். "பந்தைப் பாரு" என்று பத்து முறை சொல்வதைவிட "புள்ளி தெரிஞ்சுதா?" என்று கேட்பது வேலை செய்யும்.

இரண்டு எட்டு தள்ளி நின்று, கையைக் கீழிருந்து வீசி, நெஞ்சு உயரத்துக்கு வருமாறு போடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் தவறவிடுவது கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்பதால்தான். பந்து பலகையில் பட்டது போலத் தெறித்துவிடும். முழங்கை மடங்கியிருக்கட்டும். பந்து தொட்டதும் கை வயிற்றுப் பக்கம் உள்ளே வரட்டும். இடுப்புக்கு மேல் வரும் பந்துக்கு விரல்கள் வானம் பார்க்கும், கீழே வருவதற்குத் தரை பார்க்கும். அப்போது சுண்டுவிரல்கள் இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும்.

10 பந்தில் 7 பிடித்தால் அரை எட்டு பின்னால் போங்கள். 5-க்குக் கீழே போனால் கிட்டே வாருங்கள். தூரம், வேகம், பந்து என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் தவறுகிறது என்று உங்களுக்கே புரியாது. கண் மறுபடி மூட ஆரம்பித்தால் முந்தைய பந்துக்கே திரும்புங்கள். டென்னிஸ் பந்து கடைசியில்தான், அதையும் முதலில் தரையில் ஒரு குத்து குத்தியபின் பிடிக்கட்டும்.

விடுமுறை நாளில் சில்வர் பீச்சுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சிமெண்ட் தரையில் தவறவிட்ட பந்தைத் துரத்தியே பிள்ளை களைத்துவிடுவான். காய்ந்த மணலில் அது விழுந்த இடத்திலேயே கிடக்கும். சூரியன் கடல் பக்கம் எழும்புவதால் அவன் கடலுக்கு முதுகு காட்டி நிற்கட்டும், வெயில் உங்கள் கண்ணில் விழுந்தால் பரவாயில்லை. வெறுங்காலோடு விடுமுன் கண்ணாடிச் சில்லு, தூண்டில் முள் கிடக்கிறதா என்று பாருங்கள். பகல் ஏறினால் கடற்காற்று பந்தைத் தள்ளிவிடும், மணலும் சுடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போக முடியாதபோது அஞ்சாங்கல் எடுங்கள். ஒரு கல்லை மேலே போட்டு, கீழே ஒன்றை எடுத்து, விழுவதைப் பிடிக்கும் முதல் ஆட்டம் மட்டும் போதும். கண்ணுக்கும் கைக்கும் அதைவிட நல்ல பழக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

எறியும்போது வலக்கைப் பிள்ளைக்கு இடது கால் முன்னால் இருக்க வேண்டும். சாக்பீஸால் தரையில் பாதம் வரைந்துவிட்டால் தானாக வந்துவிடும்.

"சூப்பர்டா" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இந்தத் தடவை கடைசி வரைக்கும் கண்ணை மூடலையே" என்று நடந்ததைச் சொல்லுங்கள். அடுத்த முறை எதைச் செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. சித்தப்பா பையனோடு ஒப்பிட வேண்டாம். முதல் சில வாரம் தெருப்பிள்ளைகள் கண்ணில் படாத மொட்டைமாடியே நல்லது, கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தால். அப்புறம் அவனைவிடச் சின்னப் பிள்ளை ஒன்றைச் சேர்த்துக்கொண்டு துணிப்பந்திலேயே ஏழாங்கல் ஆடுங்கள். முதல் நாள் கல் அடுக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். அடுக்கும்போது முதுகில் படும் துணிப்பந்து வலிக்காது என்று தெரிந்துகொண்டால், எறியும் பக்கத்துக்கு அவனே மாறக் கேட்பான்.