அம்மாவுக்கு என்னப்பா?

கேள்வி: என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று போன வாரம் உறுதியாகிவிட்டது. வரும் திங்கட்கிழமை கீமோ ஆரம்பம். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 6. "பிஞ்சு மனசு, எதையும் சொல்லிவிடாதே" என்கிறார் என் அம்மா. மனைவி சொல்லிவிடலாம் என்கிறாள். எனக்கோ நாக்கு எழவில்லை. எப்படிச் சொல்வது?

பதில்: சொல்லிவிடுங்கள் தம்பி, திங்கட்கிழமைக்கு முன்பே.

எனக்கு 8 வயதில் என் அப்பாவுக்குப் புற்றுநோய் வந்தது. வீட்டில் யாரும் அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை. நான் அறைக்குள் போனால் பேச்சு நின்றுவிடும். அதற்கு முந்தின வாரம்தான் அவர் முதுகில் ஏறி யானை விளையாடியிருந்தேன். அதனால்தான் அப்பா படுத்துவிட்டார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பல வருடங்கள் அதை யாரிடமும் சொல்லவில்லை. புற்றுநோய்ப் பிரிவில் ஆலோசகராகச் சேர்ந்த பிறகு, இப்படித் தங்கள் மேலேயே பழி போட்டுக்கொண்ட எத்தனையோ சின்னப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன்.

அதனால் மகனிடம் நோயின் பெயரையே சொல்லுங்கள். "அம்மா மார்பில் ஒரு கட்டி இருக்கு. அதுக்குப் பேரு புற்றுநோய். நீ செஞ்சது, சொன்னது, நினைச்சது எதனாலயும் இது வரலை. கட்டிப்பிடிச்சா ஒட்டிக்காது." வெறுமனே 'உடம்பு சரியில்லை' என்றால், நாளை தனக்குக் காய்ச்சல் வந்தாலும் பயந்துவிடுவான்.

முடி கொட்டுவதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். வேகமாக வளரும் செல்களைத்தான் கீமோ மருந்து தாக்கும். முடியின் வேரும் அப்படிப்பட்டதுதான். பெரும்பாலும் 2, 3 வாரங்களில் கொட்டத் தொடங்கும். சிகிச்சை முடிந்தபின் வழக்கமாக மறுபடி முளைத்துவிடும். கீமோ நாட்களில் எதிர்ப்புச் சக்தி குறையும் என்பதால், சளி பிடித்தால் அவன் கொஞ்சம் தள்ளியிருக்க வேண்டிவரும். அப்போது, "உன்னால் அம்மாவுக்கு இந்த நோய் வரவில்லை" என்பதை இன்னொரு தடவை சொல்லுங்கள்.

மகள் இந்நேரம் போனில் தேடத் தொடங்கியிருப்பாள். என்ன படித்தாள் என்று கேளுங்கள். நோயின் வகை, நிலையைப் பொறுத்து எல்லாமே மாறும் என்று விளக்குங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை அவளும் எழுதித் தரட்டும். வீட்டு வேலையில் ஒத்தாசை செய்யட்டும், சரி. ஆனால் தம்பிக்கு அம்மாவாக அவளை ஆக்கிவிடாதீர்கள்.

"அம்மா செத்துப்போயிடுவாங்களா?" என்று இருவரில் ஒருவர் கேட்கத்தான் செய்வார்கள். "மாட்டாங்க" என்று சத்தியம் பண்ணாதீர்கள். "அப்படி ஆகக்கூடாதுன்னுதான் வைத்தியம் பார்க்கிறோம். எது மாறினாலும் உங்ககிட்ட மறைக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். உங்கள் கண் கலங்கினால் கலங்கட்டும். வகுப்பு ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

உங்கள் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பேரப்பிள்ளைகள் மேல் உள்ள பாசம்தான் அவரைத் தடுக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் விளையாடப் போகட்டுமா?" என்று மகன் ஓடலாம். விட்டுவிடுங்கள். ராத்திரி விளக்கணைத்த பிறகு, "அம்மா செத்துப்போயிடுவாங்களா?" என்ற கேள்வியோடு வருவான். அதே பதிலை அதே வார்த்தைகளில் மறுபடி சொல்லுங்கள்.