வெற்றிடத்துக்கும் தடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென்கொரியாவில் ஒரே இரவில் வந்து போன இராணுவச் சட்டத்தைப் (நாட்டின் நிர்வாகத்தைப் படையினர் கையில் ஒப்படைக்கும் நெருக்கடிநிலை ஆணையைப்) பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்பைத் தொடர்ந்து, பத்திரிகைத் தணிக்கை குறித்துக் கணிசமான கடிதங்கள் வந்தன. ஒரே பொருளைத் தொட்ட சிலவற்றை இங்கே சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 2024 டிசம்பர் 3 அன்று சியோலில் வெளியான ஆணையில், எல்லா ஊடகங்களும் வெளியீடுகளும் இராணுவச் சட்டத் தலைமையகத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்று ஒரு பிரிவு இருந்ததாகப் படித்தேன். அது நீடித்திருந்தால் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் நடைமுறையில் என்ன நடந்திருக்கும்? (இதழியல் மாணவி ஒருவர்)

பதில்: அந்தப் பிரிவு இருந்தது உண்மைதான். நாடாளுமன்றத்துக்குள் வந்து சேர முடிந்த 190 உறுப்பினர்களும் ஒருமனதாக எதிர்த்து வாக்களித்ததால், ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று. அந்த ஒற்றை வரி எப்படிச் செயல்படும் என்பதைக் கொரியர்கள் ஊகிக்க வேண்டியதில்லை. அதிபர் பார்க் சுங் ஹீ கொல்லப்பட்டதற்கு மறுநாள், அதாவது 1979 அக்டோபர் 27 அன்று தொடங்கி 1981 ஜனவரி வரை நீடித்த இராணுவச் சட்டத்தின்போது, அவர்கள் அதை நாள்தோறும் அனுபவித்திருந்தார்கள். சியோல் மாநகராட்சிக் கட்டடத்தில் தணிக்கைக் குழு அமர்ந்திருக்கும். பத்திரிகைகள் ஒவ்வொரு பதிப்பின் மெய்ப்புப் படியையும் அங்கே கொண்டுபோய்க் காட்டி, அடிக்கப்பட்டவற்றை அடித்து, மாற்றச் சொன்னவற்றை மாற்றி, முத்திரை பெற்ற பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். முன்தணிக்கை என்பதன் நடைமுறைப் பொருள் இதுதான்: அச்சாகாத செய்திக்கு வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை, ஆகவே சாட்சியும் இல்லை.

1980 மே மாதத்தில் குவாங்ஜூ நகர வீதிகளில் வான்குடைப் படை வீரர்கள் மக்களை அடித்துக் கொன்றபோது, அந்நகரின் செய்தியாளர்கள் கண்ணால் கண்டதில் ஒரு வரியைக்கூட அச்சிட முடியவில்லை. மே 20 அன்று சொன்னம் மேயில் என்னும் உள்ளூர் நாளிதழின் செய்தியாளர்கள் கூட்டாகப் பதவி விலகல் கடிதம் எழுதினார்கள். மக்கள் இழுத்துச் செல்லப்பட்டுச் சாவதைக் கண்டோம், அதைப் பற்றி ஒரு வரியும் வெளியிட இயலவில்லை, அதனால் வெட்கத்துடன் பேனாவைக் கீழே வைக்கிறோம் என்பது அதன் சாரம். இரண்டு வாரம் கழித்து அதே நாளிதழ் குவாங்ஜூவைப் பற்றிய ஒரு கவிதையைத் தணிக்கைக்கு அனுப்பியபோது, அதன் பெரும்பகுதி வெட்டுப்பட்டுத்தான் திரும்பியது.

எல்லா நாட்டிலும் முத்திரையும் மெய்ப்புமாகத்தான் தொடங்கும் என்று எண்ண வேண்டாம். பிலிப்பைன்ஸில் அதிபர் மார்க்கோஸ் கையெழுத்திட்ட 1081ஆம் பிரகடனம் (இராணுவச் சட்ட அறிவிப்பு) 1972 செப்டம்பர் 21 என்று தேதியிடப்பட்டது. 22ஆம் தேதி இரவே படையினர் பத்திரிகை அலுவலகங்களையும் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களையும் பூட்டத் தொடங்கிவிட்டார்கள். மக்களுக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது 23ஆம் தேதி மாலையில்தான். இராணுவச் சட்டம் வந்துவிட்டது என்ற செய்தியை வெளியிடக்கூடிய பத்திரிகைகள் அந்தச் செய்தி பிறப்பதற்கு முன்பே மூடப்பட்டன. போலந்தில் 1981 டிசம்பர் 13 விடிந்தபோது தொலைபேசி இணைப்புகள் அறுபட்டுக் கிடந்தன. ஆளும் கம்யூனிஸ்டுக் கட்சியின் நாளேடு, இராணுவ நாளேடு, கட்சியின் சில வட்டாரப் பதிப்புகள் நீங்கலாக ஏனைய இதழ்கள் நிறுத்தப்பட்டன. தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர்கள் இராணுவச் சீருடை அணிந்திருந்தார்கள். பின்னர் தொலைபேசி மீண்டபோது, இது கண்காணிக்கப்படும் உரையாடல் என்று ஒரு பதிவுக் குரல் இடையிடையே ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தக் குரலில் ஒரு விபரீதமான நேர்மை இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. பத்திரிகைத் தணிக்கை இப்படித் தன்னை அறிவித்துக்கொள்வது மிக அரிது.

கேள்வி: செய்தியை வெட்டுவது புரிகிறது. வெட்டிய இடத்தை வெள்ளையாக விடுவதைக்கூட அரசுகள் தடுத்தனவாமே? வெள்ளைத் தாளைக் கண்டு எதற்கு அச்சம்? (ஓய்வுபெற்ற அச்சகப் பணியாளர் ஒருவர்)

பதில்: அச்சுக்கோத்தவர் என்பதால் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. தணிக்கை முதலில் மறைக்க விரும்புவது தன்னைத்தான். ஒரு செய்தி விடுபட்டால் வாசகருக்கு அது தெரியாது. ஒரு வெற்றிடம் அச்சானால், இங்கே ஏதோ இருந்தது, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்துவிடும்.

பாகிஸ்தானில் இராணுவ ஆட்சியாளர் ஜெனரல் ஜியா உல் ஹக் 1979 அக்டோபரில் தேர்தலைத் தள்ளிவைத்து முன்தணிக்கையைக் கொண்டுவந்தபோது, சில இதழ்கள் வெட்டுப்பட்ட செய்திகளின் இடத்தை அப்படியே காலியாக விட்டு வெளிவந்தன. அடுத்து வந்த உத்தரவு, வெற்றிடம் விடக்கூடாது என்பது. கடைசி நேரத்தில் எதையாவது இட்டு நிரப்ப வேண்டிய கட்டாயம் ஆசிரியர் குழுவின் தலையில் விழுந்தது. பத்திரிகை மூடலை எதிர்த்துப் போராடிய செய்தியாளர்கள் நால்வருக்கு அதற்கு முந்தைய ஆண்டே, 1978 மே மாதத்தில், இராணுவ நீதிமன்றம் கசையடி விதித்து, மூவருக்கு நிறைவேற்றியும் இருந்தது. இந்தப் பின்னணியில் பார்த்தால், ஒரு பத்தியைக் காலியாக விடுவது எவ்வளவு துணிச்சலான செயல் என்பது விளங்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி போலந்தில் உண்டு. சாலிடாரிட்டி தொழிற்சங்கம் வலுவாக இருந்த மாதங்களில், 1981 ஜூலை 31 அன்று, அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு தணிக்கைச் சட்டத்தை இயற்றியது. தணிக்கை அதில் ஒழிக்கப்படவில்லை. ஆனால் எங்கே வெட்டப்பட்டது என்பதை அச்சில் குறிப்பிடும் உரிமை இதழ்களுக்குக் கிடைத்தது. ஐந்தே மாதத்தில் இராணுவச் சட்டம் வந்தது. நிறுத்திவைக்கப்பட்டிருந்த கிராக்கோவ் நகரத்துக் கத்தோலிக்க வார இதழான டிகோட்னிக் பொவ்ஷெஹ்னி 1982இல் மீண்டும் வெளிவந்தபோது, அந்த உரிமையை விடாமல் பயன்படுத்தியது. கட்டுரை நடுவே ஒரு சதுர அடைப்புக்குறி, அதற்குள் சில கோடுகள், அருகில் சட்டத்தின் தேதியும் பிரிவும் அரசிதழ் எண்ணும். சில பக்கங்களில் இவை அடுத்தடுத்து வரும். வெட்டுப்பட்டது என்னவென்று தெரியாவிட்டாலும், எந்தப் பேச்சு எந்த இடத்தில் அரசுக்கு வலிக்கிறது என்ற வரைபடம் வாரந்தோறும் வாசகர் கைக்கு வந்து சேர்ந்தது. பத்திரிகைச் சுதந்திர வரலாற்றில் பெரிய பிரகடனங்களைவிட இந்தச் சிறிய அடைப்புக்குறியை நான் மேலாக மதிக்கிறேன்.

கேள்வி: ஒரு நாளிதழைப் பல இலட்சம் பேர் படிப்பதால் அரசு அஞ்சுகிறது. சில நூறு பேர் மட்டும் புரட்டும் ஆய்விதழையும் பல்கலைக்கழக நூலையும் ஏன் தணிக்கை செய்ய வேண்டும்? (வரலாற்று ஆசிரியர் ஒருவர்)

பதில்: நாளிதழ் இன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறது. ஆய்வு நூலோ, நடந்ததாக நாளை எது கொள்ளப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் கல்வித்துறையில் தணிக்கை செய்பவர்கள் கத்தரிக்கோலைவிட நுட்பமான கருவிகளைக் கையில் எடுக்கிறார்கள்.

இதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. கிராக்கோவில் தணிக்கை அலுவலராக இருந்த தோமாஷ் ஸ்ட்ஷிஷெவ்ஸ்கி, 1977இல் அலுவலக ஆவணங்களை மறைத்து எடுத்துக்கொண்டு சுவீடனுக்குத் தப்பிச் சென்றார். அவை பின்னர் இலண்டனில் அச்சேறின. போலந்து அதிகாரிகளைச் சோவியத் இரகசியப் போலீஸ் 1940இல் சுட்டுக் கொன்ற காத்தின் படுகொலையைப் பற்றி அந்த ஆவணங்களில் ஒரு விதி வருகிறது. ஆய்வு நூல்களிலும் நினைவுக் குறிப்புகளிலும் ஒருவர் காத்தினில் இறந்தார் என்றோ, ஹிட்லரின் படையினரால் சுடப்பட்டார் என்றோ எழுதலாம். இறந்த தேதி கொடுப்பதானால் அது 1941 ஜூலைக்குப் பிந்தியதாக இருந்தால் மட்டுமே அனுமதி. அப்பகுதி ஜெர்மானியர் கைக்குப் போனது அந்த மாதத்தில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், விதியின் கூர்மை புலப்படும். நூலைத் தடை செய்யவில்லை, பெயரை அழிக்கவில்லை, ஒரே ஒரு தேதியை நகர்த்தினால் போதும், கொலையாளி மாறிவிடுகிறான். இந்த விதி இராணுவச் சட்டத்துக்கு முந்தைய பத்தாண்டுக்கு உரியதுதான். எனினும் 1981 டிசம்பரில் இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்த ஜெனரல் யாருசெல்ஸ்கி பயன்படுத்தியது இதே அலுவலகத்தை, இதே பழக்கத்தில் ஊறிய ஊழியர்களைத்தான்.

தைவானில் 1949 மே 20 முதல் 1987 ஜூலை 15 வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள், இராணுவச் சட்டம் நீடித்தது. 1949இல் கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுத் தைவானுக்குப் பெயர்ந்த அரசோடு வராமல் சீனப் பெருநிலத்திலேயே தங்கிவிட்ட அறிஞர்களின் நூல்கள் அங்கே தடை செய்யப்பட்டிருந்தன, அவை எதைப் பற்றியவை என்ற வேறுபாடு பெரிதாகப் பார்க்கப்படவில்லை. பழைய இலக்கணம், ஒலியியல், மெய்யியல் வரலாறு ஆகியவற்றில் அடிப்படை நூல்களை எழுதியவர்கள் பலரும் அந்தப் பட்டியலில் அடங்கினர். அந்த நூல்கள் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த முடியாது. ஆகவே பதிப்பகங்கள் ஒரு வழி கண்டன: நூலை அப்படியே மறுபதிப்பு செய்து, ஆசிரியரின் பெயரை நீக்கிவிட்டுப் பதிப்புக் குழு என்று போட்டன, அல்லது பெயரில் ஓர் எழுத்தை மாற்றின. அறிவு தப்பித்தது, அறிஞர் காணாமல் போனார். மாணவர்கள் அடிக்குறிப்பில் யாரை மேற்கோள் காட்டுகிறோம் என்று அறியாமலே மேற்கோள் காட்டினார்கள்.

வெட்டுவதோடு நிற்காமல், எழுதிக்கொள்வதும் உண்டு. மார்க்கோஸ் தம் பெயரில் பிலிப்பைன்ஸின் வரலாற்றைப் பல தொகுதிகளாக வெளியிட்டார். உண்மையில் ஆராய்ந்து எழுதியவர்கள் பல்கலைக்கழக வரலாற்றாளர்கள். அவர்களில் திறமையானவர்கள் இருந்தார்கள் என்பதும், அத்தொகுதிகளில் பயனுள்ள ஆய்வு இருக்கிறது என்பதும்தான் இதில் சங்கடமான செய்தி. அதே காலத்தில் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக மாணவர் இதழின் ஆசிரியரான ஆபிரகாம் சர்மியென்டோ, நாம் செயல்படாவிட்டால் யார் செயல்படுவது என்று தம் இதழில் கேட்டு எழுதிவந்தார். 1976 ஜனவரியில் கைதானார். ஏற்கெனவே ஆஸ்துமா நோயாளியான அவர் சிறையில் நலிந்து, விடுதலைக்குப் பின் 1977இல் இறந்துபோனார்.

கேள்வி: தணிக்கை அதிகாரிகள் பொதுவாக மந்தபுத்திக்காரர்கள் என்று சொல்லப்படுவது சரியா?

பதில்: அப்படி நம்புவது ஆறுதலாக இருக்கும், அவ்வளவே. மணிலாவில் 1973இல், அரசுக்கு அணுக்கமான ஒரு வார இதழில், கிரேக்கப் புராண வீரன் புரோமித்தியஸைப் பற்றிய ஆங்கிலக் கவிதை ஒன்று புனைபெயரில் வெளியானது. அடிகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாகக் கூட்டினால், மார்க்கோஸ் ஒரு ஹிட்லர், சர்வாதிகாரி, வளர்ப்பு நாய் என்று வரும். கடைகளிலிருந்து பிரதிகளைத் திரும்பப் பெறுவதற்குள் பலர் படித்துவிட்டார்கள். எழுதியவர் ஹோசே லகாபா. சித்திரக்கவி மரபை அறிந்த தமிழர் இதில் ஏமாந்திருக்க மாட்டார் என்று பெருமை பேசலாம், ஆனால் நள்ளிரவில் நூறு பக்கம் பார்த்துத் தள்ளுகிற அலுவலருக்கு அடிமுதல் எழுத்துகளைக் கூட்டிப் பார்க்க நேரம் ஏது?

மிகையான புத்திக் கூர்மைதான் அதிக ஆபத்தானது. தைவான் எழுத்தாளர் போ யாங், போப்பாய் என்னும் அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடரை மொழிபெயர்த்துவந்தார். தந்தையும் மகனும் ஒரு தீவை வாங்கி, யார் அதிபர் என்று போட்டியிடும் ஒரு காட்சியில், தைவான் அதிபர் சியாங் கை ஷேக்கையும் அவர் மகனையும் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். 1968இல் கைதானவர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார்.

கேள்வி: இராணுவச் சட்டம் நீங்கினால் தணிக்கையும் தானாக நீங்கிவிடுமா?

பதில்: இல்லை. மார்க்கோஸ் 1981 ஜனவரியில் இராணுவச் சட்டத்தை விலக்கினார். 1982 டிசம்பரில் வீ ஃபோரம் என்ற எதிர்ப்பு இதழின் அலுவலகமும் அச்சகமும் சோதனையிடப்பட்டு மூடப்பட்டன. அதற்குப் பயன்பட்ட சோதனை ஆணைகள் செல்லாதவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. போலந்தில் 1983 ஜூலையில் இராணுவச் சட்டம் முடிந்தது, தணிக்கை அலுவலகம் 1990 வரை இயங்கியது. தைவானில் புதிய நாளிதழ்களுக்கு உரிமம் தராமல் 31 என்ற எண்ணிக்கையிலேயே நிறுத்திவைத்திருந்த கட்டுப்பாடு 1988 ஜனவரி 1 அன்றுதான் நீங்கியது. அதுவரை அங்கே எதிர்க்கட்சிச் சார்பு வார இதழ் நடத்திய செங் நான் ரோங், நண்பர்களின் பட்டச் சான்றிதழ்களைக் கொண்டு பல பெயர்களில் உரிமங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்று தடைபட்டால் அடுத்த வாரம் இன்னொரு பெயரில் அதே இதழை வெளியிட்டுவந்தார்.

கேள்வி: வெட்டப்பட்டவற்றை இன்று மீட்டுப் படிக்க முடியுமா?

பதில்: நாட்டைப் பொறுத்தது. போலந்தின் தணிக்கை அலுவலகம் ஒழுங்காகக் கோப்புகளைப் பேணியதால், வார்சாவில் உள்ள புதிய ஆவணங்களின் காப்பகத்தில் அவை பாதுகாக்கப்பட்டு, ஆய்வாளர்களால் எடுத்தாளப்படுகின்றன. அச்சாகாமல் போனதை அறிய, அச்சாகவிடாமல் செய்தவரின் பதிவேட்டையே நம்பவேண்டியிருக்கிறது. தைவான் மறுபதிப்புகளின் சிக்கல் வேறு. அவை பிற நாட்டு நூலகங்களுக்கும் பரவின, பெயர் நீக்கிய தலைப்புப் பக்கத்தைப் பார்த்தே சில பட்டியல்களில் பதிவும் செய்யப்பட்டிருக்கும். ஆகவே 1987க்கு முன் தைபேயில் அச்சான ஒரு சீனவியல் நூலில் ஆசிரியர் என்ற இடத்தில் பதிப்புக் குழு என்று மட்டும் இருந்தால், உங்கள் அடிக்குறிப்பை எழுதும் முன் 1949க்கு முந்தைய ஷாங்காய்ப் பதிப்பு ஏதாவது உண்டா என்று தேடிப் பாருங்கள்.