திதிச் சாப்பாட்டுப் பணத்தைப் படிப்புக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: தை மாதம் வரும் அப்பாவின் திதிக்கு, ஆண்டுதோறும் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மதியச் சாப்பாடு போடுகிறோம். 30,000 ரூபாய் ஆகிறது. இனி அதை ஒரு ஏழைப் பிள்ளையின் படிப்புக்குக் கொடுக்கலாம் என்கிறார் அம்மா. யாரிடம், எப்படிக் கொடுப்பது? வரிவிலக்கு உண்டா?
– வாசகி, ஈரோடு

பதில்: அம்மா சொல்வதுதான் சரி. சாப்பாடு போடுவது தப்பில்லை, ஆனால் அதற்கு ஆள் நிறைய. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்த இல்லத்தில் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்து கேக் வெட்டின. மூன்றாவது கேக்குக்கு வரிசையில் நின்ற பையன் என்னிடம், "அண்ணே, இப்ப யாரு பேரைச் சொல்லிப் பாடணும்?" என்று கேட்டான். அந்த இல்லத்திலேயே செவ்வாய்க்கிழமை குழம்புக்குப் பருப்பு கடன் வாங்கினார்கள்.

இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். வளர்க்க வழியில்லாமல் கொண்டுவந்து விட்டவர்கள். அதனால் பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்க உதவுவதுதான் முதல் வேலை. இதற்கு அரசுப் பணமே உண்டு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தருகிறார்கள். ஆண்டுக்கு 48,000, நீங்கள் கொடுக்க நினைப்பதை விட அதிகம்! உங்களுக்குத் தெரிந்து கணவரை இழந்த பெண் யாராவது பிள்ளைகளோடு கஷ்டப்பட்டால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் மனு எழுதிக் கொடுங்கள். கிடைக்கத் தாமதமாகலாம், ஆனாலும் விடாதீர்கள்.

சரி, 30,000-க்கு வருவோம். அரசுப் பள்ளியில் புத்தகம், சீருடை, பஸ் பாஸ், பிளஸ் ஒன்னில் சைக்கிள் வரை இலவசம். கையைக் கடிக்கும் இடம் பிளஸ் டூ முடிந்து கல்லூரியில் கால் வைப்பதற்குள் வரும் இரண்டு மூன்று மாதங்கள். விண்ணப்பக் கட்டணம், கவுன்சலிங்குக்குப் போய்வரும் செலவு, விடுதி முன்பணம், பாய், பக்கெட், இரண்டு செட் துணி. தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் கல்வி உதவித்தொகையும் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். சேர்வதற்கு முன் கையில் காசு வேண்டுமே! மார்க் இருந்தும் பனியன் கம்பெனிக்குப் போன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். யார் வீட்டில் என்ன நிலைமை என்று வகுப்பு ஆசிரியர்களுக்குத் தெரியும். ரொக்கமாகக் கொடுக்காமல் கல்லூரிக்கும் விடுதிக்கும் நேராகக் கட்டிவிடுங்கள். கைச்செலவுக்கு மட்டும் கொஞ்சம் அந்தப் பிள்ளையின் அம்மா கணக்கில் போடலாம். மேடை, பொன்னாடை, போட்டோ எதுவும் வேண்டாம்; அந்தப் பிள்ளை அதே ஊரில்தான் நடமாட வேண்டும்.

இல்லத்துக்கே கொடுப்பதென்றால், இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 41-ஆம் பிரிவில் பதிவு செய்த சான்றிதழைக் கேளுங்கள். பதிவில்லாமல் குழந்தைகள் இல்லம் நடத்துவது குற்றம். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பதில் மாலை டியூஷன் ஆசிரியரின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

வரி விஷயம் சுருக்கமாக: குடும்பத்துக்கோ மாணவருக்கோ நேரடியாகக் கொடுத்தால் விலக்கு இல்லை. நன்கொடைக்கு வரிவிலக்கு தரும் 80ஜி அனுமதி பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பழைய வரிமுறையில் உண்டு, புதிய முறையில் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது.

அப்புறம், திதி தையில் வருகிறது, தேவை வருவதோ ஜூனில். அன்றைக்குப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் தலைமையாசிரியருக்கு ஒரு போன் போடுங்கள்.