வெட்டாத ஞாயிறு: ஒரு கடிதம்

அன்புள்ள அம்மா,

இருபது வருடமாக நியூஜெர்சியில் இருக்கிறேன். வயது நாற்பத்தாறு. நீங்கள் பிட்ஸ்பர்க்கில் படித்தவர் என்பதால் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது. கொஞ்ச நாளாக ராத்திரியில் யூடியூபில் எழுபது, எண்பதுகளின் அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரோ வீட்டில் விசிஆரில் பதிவு செய்து வைத்தவை. நிறம் மங்கியிருக்கும், குறுக்கே கோடு ஓடும். விளம்பரம், இடைவெளி எல்லாவற்றையும் வெட்டிவிட்டு 40 நிமிடமாகச் சுருக்கிப் போடுகிறார்கள். வேலை நாளில் அதுதான் வசதி. அந்த ஆட்டங்கள் நடந்தபோது நான் ஒன்று பிறந்திருக்கவில்லை, அல்லது திருநெல்வேலியில் அரைக்கால் சட்டையோடு திரிந்துகொண்டிருந்தேன். ஆனாலும் பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது. பதினான்கு வயது மகன், "அப்பா, அது உங்க சின்ன வயசே இல்லையே" என்று சிரிக்கிறான். நம்முடையது அல்லாத காலத்துக்கு ஏங்குவது போலித்தனமா? அந்த வீரமும் அந்த வர்ணனையும் இன்று இல்லை. இப்போது தலையில் கை பட்டாலே விசில் ஊதுகிறார்கள். மகனை உட்காரவைத்துக் காட்ட ஒரு நல்ல ஆட்டம் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அடுக்களையில் முட்டைக்கோஸ் இலைக்குள் அரிசியும் கொத்துக்கறியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து. பதில் எழுதுவதற்குக் காரணமே அதுதான். மற்றபடி விளையாட்டுக் கடிதங்களுக்குப் பதில் போடுகிற ஆள் இல்லை நான்.

போலித்தனம் எல்லாம் ஒன்றுமில்லை. தாத்தா விற்றுவிட்ட வயலை நினைத்து, அதில் ஒரு நாளும் கால் வைக்காத பேரன் ஏங்குகிறான். அவனை யாரும் போலி என்று சொல்வதில்லை. மகனிடம் இதையே சொல்லிவிடுங்கள்.

வர்ணனை பற்றி எனக்குக் கருத்தே கிடையாது, காரணம் பின்னால் வரும். 1980 டிசம்பர் 20 அன்று மயாமியில் நடந்த ஜெட்ஸ், டால்ஃபின்ஸ் அணிகளின் ஆட்டத்தை என்பிசி தொலைக்காட்சி வர்ணனையாளர்களே இல்லாமல் ஒளிபரப்பியது. கூட்டத்தின் இரைச்சலும் மைதான ஒலிபெருக்கியும் மட்டும். ஜெட்ஸ் 24-17 என்று ஜெயித்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

இப்போது அந்த 40 நிமிடத்துக்கு வருவோம். ஏங்குவதற்குக்கூடச் சுருக்கப் பதிப்பு தேடுகிற மனிதரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். வசதியாம்! அடியோடு தப்பான காரியத்தைச் செய்துகொண்டு, தொண்டை அடைக்கிறது என்று வேறு எழுதுகிறீர்கள்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும். ஒவ்வொரு முயற்சியும் ஐந்தாறு விநாடிதான், அதற்குள் ஆளைச் சாய்த்துவிடுவார்கள். அப்புறம் அரை நிமிடத்துக்கு ஒன்றும் நடக்காது. விழுந்தவர்கள் எழுந்திருப்பார்கள், வட்டமாகக் கூடிக் குனிந்து ரகசியம் பேசுவார்கள், திரும்ப வந்து வரிசையில் நிற்பார்கள். 2010-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கடிகாரம் வைத்து அளந்து பார்த்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற ஒளிபரப்பில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம். அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்திருப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் திரும்பி நடக்கிற நடையை வெட்டிவிட்டுப் பாருங்கள். விக்கெட் விழுவது தெரியும், பேட்ஸ்மேன் எச்சில் விழுங்குவது தெரியாது.

முதல் சூப்பர் பௌல், அதாவது பருவத்தின் இறுதி ஆட்டம், 1967 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது. கிரீன் பே 35, கான்சாஸ் சிட்டி 10. சிபிஎஸ், என்பிசி இரண்டுமே அதைக் காட்டின. இரண்டாம் பாதியின் முதல் உதையின்போது என்பிசி இன்னும் விளம்பரத்தில் இருந்தது. அதற்காகப் பந்தை மறுபடி உதைக்க வைத்தார்கள்! அவ்வளவு அமர்க்களமாக ஒளிபரப்பியவர்கள் பதிவை வைத்துக்கொள்ளவில்லை. டேப் இரண்டு அங்குல அகலம், விலை அதிகம், அழித்துவிட்டு வேறெதையாவது பதிவார்கள். 2005-ல் பென்சில்வேனியாவில் ஒரு வீட்டுப் பரணில் ஒரு பதிவு கிடைத்தது. அதிலும் இடைவேளை இல்லை, மூன்றாவது கால்பகுதியில் பெரும்பங்கு இல்லை. 2016-ல் இந்த ஆட்டத்தை நடத்துகிற என்எஃப்எல் லீக்கின் சொந்த சேனல், வெவ்வேறு ஃபிலிம் சுருள்களிலிருந்து 145 முயற்சிகளையும் ஒன்றுவிடாமல் தேடி எடுத்து, வானொலி வர்ணனையோடு ஒட்டிக் காட்டியது. ஒரு முயற்சிகூடக் குறையவில்லை. பார்த்தேன், பிணத்துக்கு அலங்காரம் பண்ணிய மாதிரி இருந்தது. நடுவில் இருந்த நேரத்தை யாரும் ஃபிலிமில் எடுத்து வைக்கவில்லை. அந்த நேரம்தான் ஒளிபரப்பு. உங்களுக்கோ அந்த நேரம் யாரோ ஒரு புண்ணியவானின் விசிஆரில் முழுசாகக் கிடைத்திருக்கிறது. அதை வெட்டி எறிந்ததைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறீர்கள்.

சரி, முட்டைக்கோஸ். 1983 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் போய் ஒரு வீட்டின் மாடி அறையில் குடியிருந்தேன். வீட்டுக்காரம்மா ஸ்லோவாக்கியக் குடும்பம், கணவர் இறந்துவிட்டார். கணவரும் மகனும் ஆற்றங்கரை எஃகு ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. மகன் நான் போவதற்கு முந்தைய வருடமே வேலை போய் ஹூஸ்டனுக்குப் போய்விட்டான். அந்தத் தெருவில் முக்கால்வாசி வீட்டில் இதே கதை. பிட்ஸ்பர்க் அணியான ஸ்டீலர்ஸ் எந்த ஊருக்கு ஆடப் போனாலும் மைதானத்தில் பாதி பேர் மஞ்சள் துண்டைச் சுழற்றுகிறார்களே, அது இப்படி ஊரைவிட்டுப் போனவர்களின் கூட்டம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் வீட்டுக்காரம்மா டிவியைப் போடுவார், சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு வானொலியை வைப்பார். ஊரில் பாதி பேர் அப்படித்தான் பார்த்தார்கள். வானொலியில் மைரன் கோப் பேசுவார். தகரத்தை ஆணியால் கீறுகிற குரல், சந்தோஷம் வந்தால் "யொய்!" என்று ஒரு கூச்சல். அந்த மஞ்சள் துண்டு 1975-ல் அவர் கிளப்பிவிட்ட யோசனைதான். டிவி வர்ணனையாளர்களின் குரலை நான் அந்த வீட்டில் கேட்டதே இல்லை, கருத்து எங்கிருந்து வரும்? (இன்று இப்படிப் பார்க்க முடியாது. இணையத்தில் வருகிற படம் வானொலிக்கு அரை நிமிடம் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது.) டிவிப் பெட்டிமேல் துண்டு மடித்து வைத்திருக்கும். முதல் வாரம் தெரியாமல் அதில் கை துடைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மடியில் ஒரு பெரிய தட்டு, வெந்நீரில் போட்டு வதக்கிய முட்டைக்கோஸ் இலைகள், பக்கத்தில் கறியும் அரிசியும் பிசைந்த கிண்ணம். பந்து ஓடும்போது இரண்டு கையும் அந்தரத்தில் நிற்கும். ஆள் விழுந்ததும் ஓர் இலையை எடுப்பார், தடித்த நரம்பைக் கத்தியால் சீவுவார், ஓர் உருண்டை வைப்பார், இரண்டு பக்கமும் மடித்து உருட்டிச் சட்டியில் அடுக்குவார். அடுத்த முயற்சிக்கு வரிசை நிற்பதற்குள் ஓர் இலை முடிந்துவிடும். ஆட்டம் முடியும்போது சட்டி நிறைந்திருக்கும். அதற்கு ஹலுப்கி என்று பெயர். இரண்டு பாதிக்கும் நடுவில் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும் என்று ஆள் தெரியாமல் நான் ஒருமுறை யோசனை சொன்னேன். பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். அந்தக் கைகளுக்கு ஆட்டம் முழுவதும் வேலை வேண்டும்.

அந்த நாளில் திரையில் ஸ்கோர் எப்போதும் நிற்காது. மூலையில் விடாமல் ஸ்கோர் காட்டுவதை 1994-ல் ஃபாக்ஸ் ஆரம்பித்தது. பத்து கெஜம் எதுவரை என்று திரையில் காட்டுகிற மஞ்சள் கோடு 1998-ல் வந்தது. அதனால் வீட்டுக்காரம்மா ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்கு வைப்பார். ஒவ்வொரு கால்பகுதி முடிந்து விளம்பரம் வந்ததும் உறையை எடுத்துக்கொண்டு எழுந்து போய் ஹூஸ்டனுக்குப் போன் போடுவார். அங்கே டிவியில் அந்த ஊர் ஆயிலர்ஸ் ஆட்டத்தைத்தான் காட்டுவார்கள், ஸ்டீலர்ஸ் வராது. ஞாயிறு மாலை ஐந்து மணிவரை வெளியூர் அழைப்புக்குக் கட்டணம் குறைவு. சுவரில் மாட்டிய போன், சுருள் கம்பியை இழுத்தால் வாசல்நிலைவரை வரும், அங்கே நின்றால் டிவி தெரியும். என்ன ஸ்கோர், யார் ஓடினான், யார் பந்தைத் தவறவிட்டான், எல்லாம் இரண்டே நிமிடத்தில். ஆட்டம் திரும்பத் தொடங்கிய நொடியில் போனை வைத்துவிடுவார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லமாட்டார்.

நீங்கள் வெட்டிப் பார்க்கிற விளம்பரம் அந்த வீட்டில் இதற்குப் பயன்பட்டது.

இன்னொன்று. வீரம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஸ்டீலர்ஸ் அணியில் 52-ம் எண், மைக் வெப்ஸ்டர். சென்டர் அவர். ஒவ்வொரு முயற்சியும் அவர் குனிந்து பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுப்பதில்தான் தொடங்கும், மறுகணமே எதிரில் நிற்பவன் மேல் தலையால் மோதவேண்டும். டிசம்பர் குளிரிலும் கையைச் சுருட்டிவிட்ட சட்டைதான். வட்டம் கலைந்ததும் மற்றவர்கள் நடந்து வருவார்கள், அவர் ஓடி வந்து நிற்பார். "அந்தப் பிள்ளைக்கு யாராவது ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுங்கள்" என்று வீட்டுக்காரம்மா வாராவாரம் சொல்வார், இலையைச் சுருட்டிக்கொண்டே. 1974 முதல் 1988 வரை அங்கே ஆடினார். பிறகு நினைவு தப்பி, பணம் போய், தன் வண்டியிலேயே படுத்துத் தூங்குகிற நிலைக்கு வந்து, 2002-ல் ஐம்பது வயதில் இறந்தார். அதே பிட்ஸ்பர்க்கில் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்து 2005-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், இத்தனை வருட மோதல் மூளைக்குள் என்ன செய்கிறது என்று இந்த லீக் பதில் சொல்லவேண்டி வந்தது. விசில் இன்றைக்கு ஏன் ஊதுகிறார்கள் என்று கேட்டால் மகனுக்கு இதைச் சொல்லுங்கள். வீரம் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்.

உங்கள் 40 நிமிடப் பதிப்பைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஆள் விழுவான். வெட்டு. அடுத்த முயற்சிக்குப் பந்து பின்னால் போகும். நடுவில் யாருமே எழுந்திருப்பதில்லை. விழுந்தவன் ஒரு கையை ஊன்றி, முட்டியில் நின்று, எந்தப் பக்கம் போவது என்று ஒரு கணம் முழித்துவிட்டு நடப்பானே, அது முழுப் பதிவில் இருக்கிறது. நாங்கள் அதை அன்றைக்குப் பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை, அது எங்கள் லட்சணம். உங்களுக்குத் தெரிந்தும் வெட்டிப் பார்க்கிறீர்கள்.

மகனுக்கு ஒரு ஆட்டம் கேட்டீர்கள். 1984 அக்டோபர் 14, சான்ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டீலர்ஸ் 20, ஃபார்ட்டிநைனர்ஸ் 17. பருவத்தின் பதினாறு லீக் ஆட்டத்தில் ஃபார்ட்டிநைனர்ஸ் தோற்றது அந்த ஒன்றுதான். முழுப் பதிவு கிடைத்தால் காட்டுங்கள், கிடைக்காவிட்டால் வேண்டாம்.

நான் அந்த வீட்டில் கடைசியாகப் பார்த்தது 1985 ஜனவரி 6. மயாமியில் ஏஎஃப்சி என்கிற பாதி லீக்கின் இறுதிப் போட்டி, ஜெயித்தால் சூப்பர் பௌல். எதிரணியில் டேன் மரினோ. அவர் பிட்ஸ்பர்க்கின் ஓக்லாந்து பேட்டையில் வளர்ந்து, அங்கேயே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 1983-ல் புது ஆட்களை எடுக்கும்போது ஸ்டீலர்ஸ் தங்கள் முறையில், 21-வதாக, வேறொருவரை எடுத்தார்கள். 27-வதாக மயாமி இவரைக் கொண்டுபோனது. அன்று அந்த ஊர்ப்பிள்ளை 421 கெஜம் வீசினார், நான்கு டச்டவுன் (எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது). மயாமி 45-28.

அது நாடு முழுக்கக் காட்டிய ஆட்டம். ஹூஸ்டனிலும் மகன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். முதல் கால்பகுதி முடிந்ததும் வீட்டுக்காரம்மா வழக்கம்போல எழுந்தார், பாதி வழியில் நினைவு வந்து திரும்பி உட்கார்ந்துவிட்டார். இரண்டாவதற்கு எழவில்லை. மூன்றாவது முடிந்தபோது ஆட்டம் கையைவிட்டுப் போயிருந்தது. எழுந்து போய் எண்ணைச் சுழற்றினார். உறையை எடுத்துக்கொள்ளவில்லை.

"பார்த்தாயா?" என்றார். அவனும் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை. கம்பியை இழுத்துக்கொண்டு வாசல்நிலையில் வந்து நின்றார். டிவியில் ஒரு டயர் விளம்பரம் சத்தமில்லாமல் ஓடியது. அவர் விட்டுப்போன இலையை எடுத்து நான் சுருட்டிப் பார்த்தேன், அரிசி பிதுங்கி வெளியே வந்தது. போன வாரமும் அப்படித்தான் வந்தது.

விளம்பரம் முடிந்து ஆட்டம் திரும்பத் தொடங்கியது. அவர் போனை வைக்கவில்லை.